கண்டு கற்ற தொழில்: பி. அய்ய நாடார் வரலாறு

நாரணாபுரத்து வழியே செல்வோர் கண்ணிற் படுவன பட்டாசு ஆலைகளே. மழை பொய்க்கும் இக்கரிசல் நிலத்தில் வெடிமருந்துத் தொழில் வேரூன்றியவாற்றை அறிய விழைவோர், சிவகாசி பி. அய்ய நாடாரவர்களின் சரிதத்தை அறிதல் வேண்டும்.

1922-ஆம் ஆண்டில் அவர் தம் உறவினர் சண்முக நாடாருடன் கல்கத்தா சென்றார். கலாசாலை எதனையும் நாடாது, தீப்பெட்டி செய்யும் முறையைக் கண்டும் செய்தும் பயின்று மீண்டார். 1923-இல் சிவகாசியில் தொழில் தொடங்கிற்று. முதலில் அயல்நாட்டு இயந்திரங்களை வருவித்தவர்கள், பின்னர் அவற்றை விடுத்துக் கைவேலையை மேற்கொண்டனர்.

இம்மாற்றத்தையே யாம் பெரிதாகக் கருதுகின்றோம். இயந்திரத்தை இயக்கத் தேர்ந்தவர் வேண்டும். குச்சியடுக்கவோ, அருகமர்ந்து நோக்கும் கண்களே போதும். பூனைக்குட்டி தாயைக் கண்டு இரை பிடிக்கப் பழகுவதும் இவ்வாறன்றோ! ஒருத்தியைக் கண்டு மற்றொருத்தி கற்றாள்; செய்த அளவுக்கேற்ற கூலி அப்பழக்கத்தை உறுதிப்படுத்திற்று. உளநூலார் விரித்துரைக்கும் இவ்விரண்டும் ஈண்டு ஊர்தோறும் நிகழ்ந்தன. தீப்பெட்டியிற் பழகிய கைகளே பின்னர்ப் பட்டாசுக்கும் உதவின.

1926-இல் உறவினர் இருவரும் மனமொத்துப் பிரிந்தனர். அய்ய நாடாரின் அணில் முத்திரை எங்கும் பரவிற்று.

ஒன்றை மறைத்தல் முறையன்று. அன்னையரருகே இருந்த சிறாரும் கண்டு கற்றனர். எழுத்தறியுமுன் கூலிக்கணக்கு அறிந்தனர். இத்தொழில்களிற் சிறாரை அமர்த்துதலை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கிற்று. அதனைக் காண அவர் இருந்திலர், 1982-இல் காலமானார். ஆயினும் கலாசாலை நாடாது தொழில் கற்ற அவர் பெயரால், 1963-இலேயே சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி எழுந்தது. தீப்பெட்டி ஒட்டியவர்தம் மக்கள் பலர் அங்குப் பயின்றுள்ளனர்.