பள்ளிவாசலில் கூடாரமிட்ட ருஃபைதா (ரலி)

எம்.கே.பி. நகரில் கல்லூரியில் பயிலும் வாலிபர்கள் சிலர் சென்ற மாதம் இவ்வெளியேனிடம் வந்தனர். விபத்தில் அடிபட்டவருக்கு ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை செய்ய வேண்டிய முதலுதவியைக் கற்பிக்கும் வகுப்பைப் பள்ளிவாசலில் நடத்த வேண்டுமென்பது அவர்களது கோரிக்கை. தொழுகையும் ஓதலும் நடக்கும் இடத்தில் இரத்தத்தையும் கட்டுத்துணியையும் பற்றிப் பேசுவதா என்று ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் தயங்கினார். பள்ளியின் கண்ணியத்தைக் கருதிய தயக்கம் அது. அவருக்கு நான் எடுத்துச் சொன்னது ருஃபைதா ரலியல்லாஹு அன்ஹா அவர்களின் வரலாறுதான்.

அஸ்லம் கிளையைச் சேர்ந்த அவ்வம்மையார் மதீனாவில் வாழ்ந்தவர். காயம்பட்டோருக்கு மருந்திடுவதையும், கவனிப்பார் எவருமற்ற முஸ்லிம்களைப் பேணுவதையும் இறைவனிடம் கூலியை நாடித் தாமாகவே ஏற்றுக்கொண்டார். இப்னு இஸ்ஹாக் (ரஹ்) அவர்கள் தமது ஸீராவில் இவரைப் பற்றி எழுதியிருப்பவை சில வரிகளே. அவ்வரிகளில் முக்கியமானது ஒன்றுண்டு: அவரது கூடாரம் இருந்த இடம் மஸ்ஜிதுந் நபவி!

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு, கி.பி. 627-இல் அகழ்ப்போர் மூண்டது. அவ்ஸ் கூட்டத்தாரின் தலைவர் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்து இரத்தக் குழாய் அறுந்தது. அவரை எங்கே கிடத்துவது? ருஃபைதாவின் கூடாரத்திலேயே இருக்கட்டும், அருகிலிருந்து நலம் விசாரிக்கலாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உத்தரவிட்டார்கள். அண்ணலார் தமது கரத்தாலேயே அக்காயத்துக்குச் சூடிட்டு இரத்தத்தை நிறுத்தினார்கள். வீங்கியபோது மீண்டும் சூடிட்டார்கள். காலையிலும் மாலையிலும் அவ்வழியே செல்லும்போது நலம் விசாரிப்பார்கள். பின்னர் ஒரு நாள் காயம் திறந்துகொண்டது. ஸஅது (ரலி) ஷஹீதானார்கள்.

எத்தனை பேணியும் அவர் பிழைக்கவில்லையே என்று ஒரு மாணவர் கேட்டார். உயிர் அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆனால் அம்பு பாய்ந்த பிறகு மருத்துவம் தெரிந்தவர் யாரென்று மதீனாவாசிகள் தேடி அலையவில்லை. தொழில் அறிந்த ஒருவர் ஆயத்தமாக இருந்தார் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

ருஃபைதா (ரலி) தனியாகவும் இல்லை. உம்மு அத்திய்யா (ரலி) ஏழு போர்களில் உடன் சென்று உணவு சமைத்ததோடு காயம்பட்டோருக்கு மருந்துமிட்டார்கள். உஹதில் பெருமானாரின் முகத்தில் காயம்பட்டபோது அலீ (ரலி) தண்ணீர் ஊற்ற, ஃபாத்திமா (ரலி) கழுவினார்கள். தண்ணீரால் இரத்தம் கூடுவதைக் கண்டதும், பாய்த் துண்டை எரித்து அதன் சாம்பலை வைத்து அடைத்தார்கள். அக்காலத்தில் கைக்கெட்டிய மருந்து அது. இதைக் கேட்டு நம் வீட்டுப் பெண்கள் வெட்டுக்காயத்தில் சாம்பலோ காப்பித்தூளோ அப்பிவிட வேண்டாம்! சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் வைத்திருப்பதே இன்றைய மருத்துவம் சொல்லும் முறை.

கண்டெய்னர் லாரிகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த நம் வடசென்னையில் இவ்வறிவு பர்ளு கிஃபாயா என்றே இவ்வெளியேன் கருதுகிறேன். 2023 டிசம்பர் 26 இரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மூச்சுத் திணறிய மக்கள் வீட்டைவிட்டு ஓடியதை நாம் மறக்கவில்லை. வாயு வரும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்வது, எரியும் கண்ணை ஏராளமான தண்ணீரால் கழுவுவது, மின்சாரம் பாய்ந்தவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைப்பது ஆகியவற்றுக்குப் பட்டம் தேவையில்லை. இதயம் நின்றவருக்கு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவதை மட்டும் பொம்மையின் மீது பழகித்தான் ஆக வேண்டும். மூளைக்கு இரத்தம் போகாவிட்டால் சில நிமிடங்களிலேயே சேதம் தொடங்கிவிடும். 108-க்குச் சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்கலாகாது. போலீஸ் வழக்கு வருமே என்ற அச்சமும் வேண்டாம். சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவரை 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாக்கிறது.

அந்நிய ஆணையோ பெண்ணையோ தொடலாமா என்பது அடுத்த வினா. உயிர் போகும் தருணம் நிர்ப்பந்தமாகும். தேவையான அளவுக்கு அனுமதியுண்டு என்பது ஃபுகஹாக்களின் தீர்ப்பு. பயிற்சி நேரத்தில் அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஆகவே ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும் பழகட்டும்.

கைபர் போருக்குச் சென்று, வீரர் ஒருவருக்குரிய பங்கைப் பெருமானாரிடமிருந்து பெற்ற குஐபா பின்த் ஸஅது அல்அஸ்லமிய்யா என்ற மருத்துவப் பெண்மணியை இப்னு ஸஅது (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். அவரும் ருஃபைதாவும் ஒருவரே என்பாரும் உளர். டெல்லி ஜாமிஆ ஹம்தர்தின் செவிலியர் கல்லூரி இன்று ருஃபைதாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெரியவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, பள்ளியின் வெளித் தாழ்வாரத்தை ஞாயிறு அஸருக்குப் பின் மாணவர்களுக்குத் தரலாம், மாணவிகளுக்கு மதரஸாக் கூடத்தில் மருத்துவப் பெண்மணி ஒருவரைக் கொண்டு நடத்தலாம் என்றார். கட்டுத்துணிக்கான செலவைத் தாமே ஏற்பதாகவும் சொல்லிவிட்டார்.