ஹாரி குரோ பக் துரை

சென்ற ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று நமது சங்கத்துக் குடும்பங்கள் பல முக்கொம்பில் கூடியிருந்தன. காவிரியினின்று கொள்ளிடம் பிரியும் அவ்விடத்தில், காதோலை கருகமணியை நீரில் விட்டுச் சித்திரான்னம் உண்டபின், பெரியோர் மரநிழலில் இளைப்பாறினர். வாலிபர் சிலரோ அடியற்ற பழைய மூங்கிற் கூடையொன்றைக் கிளையில் கட்டிப் பந்தெறிந்து விளையாடலாயினர். இவ்வாட்டத்தால் வயிறு நிரம்புமோ என்று முதியவர் ஒருவர் வினவ, அருகிலிருந்தோர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. ஏனெனில் அவ்வாலிபருள் ஒருவன் சென்னை உடற்கல்விக் கலாசாலையிற் சேர்ந்து படிக்க நமது கல்வி நிதியினின்று உதவி கோரி மனுச் செய்துள்ளான். அம்மனுவும் காரியக் கமிட்டியில் இவ்வாறே நகைப்புக்கு இடமாயிற்று. மருத்துவத்துக்கும் வக்கீல் தொழிலுக்கும் வழங்கும் பொருளை டிரில் மாஸ்டர் வேலைக்கு வழங்குவதா என்பதே அங்கத்தினர் பலரின் எண்ணம். அவன் சேர விரும்பும் கலாசாலையை நிறுவியவர் எத்தகையவர் என்பதை நேயர்கள் அறிந்தால் ஒருகால் அவ்வெண்ணம் மாறக்கூடுமெனக் கருதி, அவர் சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

ஹாரி குரோ பக் 1884-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தவர். மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் நடத்திய பயிற்சிக் கலாசாலையிற் கற்றார். அக்கலாசாலையின் பெருமையைக் கூறாமல் பக் துரையின் பெருமையைக் கூறுதல் இயலாது. கூடைப்பந்தாட்டம் பிறந்தது அங்கேதான். 1891-ஆம் ஆண்டு மாரிக்காலத்தில், வெளியே பனி மூடிக் கிடக்க, அறைக்குள் தேகாப்பியாசம் செய்து சலித்த மாணாக்கர் பதினெண்மரை அடக்கி ஆள இயலாமல் ஆசிரியர்கள் திகைத்தனர். அவர்கட்கேற்ற புதிய ஆட்டமொன்று வகுக்குமாறு, கனடா தேசத்தவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரிடம் தலைமையாசிரியர் குலிக் பணித்தார். நெய்ஸ்மித் பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அடித்து, பக்கத்துக்கு ஒன்பதின்மராக நிறுத்தி, 13 விதிகளை எழுதி ஒட்டி ஆட்டத்தைத் தொடங்கினார். கூடைகளுக்கு அடியிருந்தமையால் பந்து விழுந்தபோதெல்லாம் ஏறி எடுக்கவேண்டியதாயிற்று. முக்கொம்பில் நம் பிள்ளைகள் அடியற்ற கூடையைத் தேடியெடுத்த சாமர்த்தியம் அவருக்கு அன்று தோன்றவில்லை போலும்!

இந்நெய்ஸ்மித் பின்னர் கான்ஸஸ் சர்வகலாசாலையில் பயிற்சியாளராக இருந்தார். அங்கே அவர் கோஷ்டி 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. ஆட்டத்தைப் படைத்தவரே வெற்றியினும் தோல்வி மிகுதியாகப் பெற்றார் என்பதை எண்ணும்போது, பயிற்சியாளர் ஒருவரை வென்ற கணக்கால் மட்டும் அளத்தல் தகாதென்று நமக்குப் படுகிறது. அவரிடம் ஆடிய மாணாக்கரான பாக் ஆலன் அதே சர்வகலாசாலையில் நெடுங்காலம் பயிற்சியளித்துப் பெரும்புகழ் எய்தினார்.

பக் துரை 1919-இல் சென்னை வந்து சேர்ந்தார். அக்காலத்தில் நம் பள்ளிக்கூடங்களில் தேகப்பயிற்சி கற்பித்தோர் பெரும்பாலும் பட்டாளத்தினின்று விலகியவர்கள். கையைத் தூக்கு, காலை வீசு என்று கட்டளையிடுதல் அவர்க்குத் தெரியும்; குழந்தையின் எலும்பும் தசையும் எவ்வாறு வளர்கின்றன, எவ்வயதினர்க்கு எவ்வாட்டம் ஏற்றது என்பவற்றை அவர்க்கு எவரும் கற்பித்ததில்லை. ஆட்டம் ஆடுவோரை ஆக்குவதினும் ஆட்டம் கற்பிப்போரை ஆக்குவதே முதற்கடமை என்று பக் துரை கண்டார். அவர் தமது வாழ்நாளில் செய்த காரியங்களுள் நாம் தலையாயதாகக் கருதுவது இத்தெளிவையே. 1920-இல் எஸ்பிளனேடிலுள்ள கிறிஸ்தவ வாலிபர் சங்கக் கட்டிடத்தில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டைப் பக்கத்தில் விரிந்த நிலத்தில் அமைந்து, இன்று நந்தனத்தில் நடைபெறும் கலாசாலையாயிற்று. உடற்கூறும் உடலியக்கமும் வகுப்பறையில் கற்பிக்கப்பட்டன. மைதானத்தில் ஒவ்வோர் ஆட்டமும் ஆடிக் கற்கப்பட்டது. விளையாட்டுகளின் விதிகளைத் திரட்டி அவர் நூலாகவும் வெளியிட்டார்.

1924-இல் பாரிஸ் மாநகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் கோஷ்டிக்கு நிர்வாகியாகச் சென்றவரும் பக் துரையே. ஓட்டத்திலும் தாண்டுதலிலும் நம்மவர்க்குப் பதக்கமொன்றும் கிட்டவில்லை. அவர் தளரவில்லை. வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த நோரன் என்பாருடன் இத்தேசமெங்கும் பிரயாணம் செய்து, மாகாணந்தோறும் விளையாட்டுச் சங்கங்கள் ஏற்பட உழைத்தார். அதன் பயனாக 1927-இல் ஸர் தோராப்ஜி டாட்டா தலைமையில் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று. அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் நம் ஹாக்கி கோஷ்டியார் பொற்பதக்கம் பெற்றனர். அவ்வெற்றி பக் துரை பயிற்றியதன்று. எனினும் வெளிதேசப் பந்தயங்களுக்கு முறையாக ஆளனுப்பும் சங்கம் ஒன்று இருந்ததற்கு அவர் காலடிகளும் ஒரு காரணம்.

கூடைப்பந்து 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. முதியவரான நெய்ஸ்மித் நேரிற் சென்று கண்டார். இந்தியக் கோஷ்டி அவ்வாட்டத்தில் ஒலிம்பிக்கில் கால்வைத்தது 1980-இல், மாஸ்கோவிலேதான். பக் துரைக்கு அதைக் காணும் பேறில்லை. அவர் 1943-இல் காலமானார். அவரிடமும் அவர் மாணாக்கரிடமும் கற்றோர் இத்தேசத்துப் பள்ளிகளுக்கும் கலாசாலைகளுக்கும் ஆசிரியராய்ச் சென்றனர். நூறு பிள்ளைகளுக்கு ஒரு பந்தை வைத்துக்கொண்டு, பரீட்சை நெருங்கினால் தம் வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்கு விட்டுக்கொடுத்து, சம்பளமும் மதிப்பும் குறைவாகப் பெற்று உழைத்தவர் அவருள் பலர். அவர்களை டிரில் மாஸ்டர் என்று ஏளனமாக அழைத்த பிள்ளைகளுள் நாமும் இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முக்கொம்பில் கூடை கட்டிய வாலிபனின் மனு வருகிற தை மாதக் காரியக் கமிட்டிக்கு மறுபடி வருகிறது. அவன் தந்தை காலமாகி நான்கு ஆண்டுகள் ஆயின. தாயார் தையல் வேலை செய்து குடும்பத்தை நடத்துகிறார். கோரப்படும் தொகை, சென்ற ஆண்டு நமது சங்கக் கட்டிடத்துக்கு வெள்ளையடித்த செலவினும் குறைவு. அங்கத்தினர் அனைவரும் தவறாது வந்திருக்க வேண்டுகிறோம்.