காடிலாக், லிங்கன் இரண்டையும் தொடங்கிய ஒரே மனிதர்: யார் இந்த ஹென்றி லேலண்ட்?

நீங்கள் ஃபார்முலா 1 ரசிகரா? அப்படியென்றால் 2026 பருவத்தில் 11-ஆவது அணியாக உள்ளே நுழைந்த பெயரைக் கவனித்திருப்பீர்கள். காடிலாக். பந்தயப் பக்கமே போகாதவராக இருந்தாலும் இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்காது. ராப் பாட்டில் வரும், ஹாலிவுட் படத்தில் வில்லன் இறங்கி வருகிற நீளமான கறுப்புக் காடியாக வரும். அமெரிக்க அதிபர் பயணம் செய்யும் கவச வாகனமும் காடிலாக்தான்.

பினாங்கு பாலத்தில் எவ்வளவு நேரம் ஜாமில் மாட்டிக்கொண்டு நின்றாலும், மைவியும் சாகாவும்தான் நம்மைச் சுற்றி நிற்கும். ஒரு காடிலாக் கடந்துபோவதைப் பார்ப்பது அபூர்வம். ஆனால், அந்தக் காருக்கு முதன்முதலில் பெயர் வாங்கிக் கொடுத்த விஷயம் இந்தத் தீவுக்கு ரொம்ப நெருக்கமானது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற உங்கள் அக்காவிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள். ஒரு உதிரிப்பாகம் அளவில் துளி மாறினாலும் மொத்தமாக ரிஜெக்ட் ஆகிவிடும் என்பார்கள். அந்தக் கறாரை அமெரிக்கக் கார் தொழிலுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி லேலண்ட்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அசோக் லேலண்ட் லாரிக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த லேலண்ட், இங்கிலாந்தின் லங்காஷைர் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம், அவ்வளவுதான்.

துப்பாக்கிப் பட்டறையில் படித்த பாடம்

லேலண்ட் 1843-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பெரிய படிப்பு கிடையாது. பதின்ம வயதிலேயே நெசவு இயந்திரம் செய்யும் பட்டறையில் சேர்ந்துவிட்டார். 1861-இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் வேலை கிடைத்தது. பிறகு கோல்ட் துப்பாக்கி நிறுவனத்திலும் வேலை பார்த்தார்.

துப்பாக்கிக்கும் சொகுசுக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அந்தக் காலத்தில் பெரும்பாலான இயந்திரங்களை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? பாகங்களை ஏறக்குறைய ஓர் அளவில் வார்த்து எடுப்பார்கள். கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் அரத்தை வைத்து ராவி ராவி, ஒன்றோடு ஒன்று பொருந்த வைப்பார். ஒரு இயந்திரத்தின் பாகம் இன்னொன்றில் சேராது. போர்க்களத்தில் அது சரிப்பட்டு வருமா? ஒரு சிப்பாயின் துப்பாக்கியில் ஒரு பாகம் உடைந்தால், பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து அங்கேயே மாட்ட வேண்டும். அதற்கு எல்லாப் பாகமும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். இளம் லேலண்ட் அங்கே கற்றுக்கொண்டது இதைத்தான்.

அடுத்து, நுண்ணளவுக் கருவிகளுக்குப் பெயர்போன பிரவுன் அண்டு ஷார்ப் நிறுவனம். மைக்ரோமீட்டர் பிடித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1872 முதல் 1890 வரை அங்கே இருந்தார். முடிதிருத்தும் கடைகளில் பயன்பட்ட ஒரு கிளிப்பர் கருவியை வடிவமைத்த பெருமையும் அவருக்கு உண்டு. 1890-இல் ராபர்ட் ஃபால்கனர் என்ற பணக்காரரின் முதலீட்டோடு டெட்ராய்டில் சொந்தப் பட்டறை போட்டபோது லேலண்டுக்கு வயது 47. கார் தொழில் என்ற ஒன்றே அப்போது அந்த ஊரில் இல்லை.

மூடச் சொன்னார்கள், அவர் திறந்தார்

பட்டறை முதலில் சைக்கிள் கியர்களும் பிறகு ஓல்ட்ஸ்மொபில் காருக்கான எஞ்சின்களும் செய்தது. வரைபடம் ஒன்றுதான், ஆனால் லேலண்ட் பட்டறை எஞ்சினுக்கு வேறு இடத்தில் செய்த எஞ்சினைவிட அதிக சக்தி இருந்தது. காரணம், பாகங்களுக்கு இடையே இருந்த இடைவெளியை அவர் அவ்வளவு துல்லியமாகக் கட்டுப்படுத்தினார். அதே எஞ்சினை இன்னும் மேம்படுத்தி எடுத்துப் போனபோது ஓல்ட்ஸ் நிறுவனம் வேண்டாம் என்றுவிட்டது.

1902-இல்தான் திருப்பம். டெட்ராய்டில் ஒரு கார் நிறுவனம் ஓடவில்லை. முதலீட்டாளர்களோடு சண்டை போட்டுக்கொண்டு, அதன் தலைமைப் பொறியாளர் விலகிப் போய்விட்டார். போகும்போது தன் பெயரைப் பயன்படுத்தும் உரிமையையும் எடுத்துக்கொண்டு போனார். அவர் ஹென்றி ஃபோர்டு. ஆமாம், அந்த ஃபோர்டேதான். மிச்சம் இருந்த இயந்திரங்களை விற்றுவிட்டுக் கடையை மூடலாம் என்று நினைத்த முதலாளிகள், மதிப்புப் போட லேலண்டை அழைத்தார்கள். அவர் மதிப்பும் போட்டார், கூடவே தன்னிடம் இருந்த எஞ்சினையும் காட்டினார். மூட வேண்டாம், இதை வைத்துக் காரைச் செய்யுங்கள் என்று பேசிச் சம்மதிக்க வைத்தார்.

ஃபோர்டு பெயரை இனிப் பயன்படுத்த முடியாது. எனவே 1701-இல் டெட்ராய்டை நிறுவிய பிரெஞ்சுக்காரர் அந்துவான் காடிலாக்கின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1903 ஜனவரியில் நியூயார்க் கார் கண்காட்சியில் வைத்தபோது 2,000-க்கும் மேற்பட்ட ஆர்டர்கள் குவிந்தன. விலை 750 டாலர். ஒற்றை சிலிண்டர்தான். சொகுசு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

பிரித்துப் போட்ட மூன்று கார்கள்

அப்படியானால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 1908-க்குப் போக வேண்டும்.

ஐரோப்பாவில் அப்போது நல்ல கார் என்றால் கையால் ராவிச் செய்த கார். அமெரிக்கக் காரை யாரும் மதிக்கவில்லை. லண்டனில் காடிலாக் விற்றுக்கொண்டிருந்த ஃபிரெடெரிக் பென்னட், பிரிட்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் நடத்திய ஒரு சோதனைக்குத் துணிந்து கையைத் தூக்கினார்.

கடையில் விற்பனைக்கு இருந்த மூன்று ஒற்றை சிலிண்டர் கார்கள். புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்துக்கு ஓட்டிக் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு கொட்டகையில் மூன்றையும் அக்கக்காகப் பிரித்தார்கள். ஒரு காருக்கு 721 பாகம், மொத்தம் 2,163. எல்லாவற்றையும் கலந்துவிட்டார்கள். அது போதாதென்று அந்தக் குவியலிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, விற்பனையாளரின் இருப்பிலிருந்து வேறு 89-ஐப் போட்டார்கள். பிறகு மெக்கானிக்குகளிடம் ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும் மட்டும் கொடுத்து, திரும்ப மூன்று கார் செய்யச் சொன்னார்கள். அரம் கிடையாது. ஒரு பாகம் சேரவில்லை என்றால் ராவிச் சரிசெய்ய வழியே இல்லை.

எல்லாம் சேர்ந்தது. மூன்றும் ஸ்டார்ட் ஆகின. தடத்தில் தலா 500 மைல் ஓடின.

இன்றைக்கு இது உங்களுக்குப் பெரிய அதிசயமாகத் தெரியாது. உங்கள் மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் பேட் மாற்றக் கடைக்குப் போனால், மாடல் பெயரைச் சொன்னால் போதும். அது சேருமா என்று நீங்கள் யோசிப்பதே இல்லை. 1908-இல் யோசித்தார்கள். அதனால்தான் அந்த ஆண்டுக்கான டூவர் கோப்பை காடிலாக்குக்குப் போனது. உலகத்துக்கே தரம் நாங்கள்தான் என்று அந்த நிறுவனம் பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்தது இந்த வெற்றியை வைத்துத்தான்.

அதே காலத்தில், சுவீடன்காரர் யோஹான்சன் உருவாக்கிய கேஜ் பிளாக்குகளை லேலண்ட் தன் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். பளபளவென்று இருக்கும் சின்னச் சின்ன எஃகுக் கட்டைகள். அளவுக் கருவிகளே சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கப் பயன்படுபவை. அங்கே பேச்செல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 25 மைக்ரான் கணக்கில்தான். 1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை பாயான் லெப்பாசில் திறந்தது. அதன் பிறகு இங்கே மூன்று தலைமுறை மைக்ரான் கணக்கிலேயே சம்பளம் வாங்கியிருக்கிறது.

கை ஒடித்த கம்பி

அந்தக் காலக் காரை ஸ்டார்ட் செய்ய முன்னால் போய் ஒரு இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் கை ஒடியும், தாடையும் உடையும். லேலண்டின் நண்பரும் கார் தயாரிப்பாளருமான பைரன் கார்ட்டர், குளிரில் நின்றுபோன ஒரு பெண்ணின் காரை 1910-இல் ஸ்டார்ட் செய்து கொடுக்கப்போய், அடிபட்டு இறந்தார் என்றும், மனம் உடைந்த லேலண்ட் இந்தக் கைப்பிடியை ஒழிக்க முடிவெடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. பல இடங்களில் படிப்பீர்கள். உருக்கமான கதைதான், ஆனால் கார்ட்டர் இறந்தது 1908-இல். தேதி இடிக்கிறது.

இடிக்காத பகுதி இது: சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் செய்த மின்சார ஸ்டார்ட்டரை 1912 மாடல் காடிலாக்கில் பொருத்தினார்கள். டூவர் கோப்பை இரண்டாவது தடவையும் வந்தது. பலம் உள்ளவர்கள் மட்டுமே கிளப்ப முடிந்த காரை யார் வேண்டுமானாலும் கிளப்ப முடிந்தது. பெண்கள் தனியாகக் கார் எடுத்துக்கொண்டு போவதை இது எவ்வளவு எளிதாக்கியது என்று நினைத்துப் பாருங்கள். அடுத்து, 1915 மாடலுக்கு வி8 எஞ்சின். இப்போதுதான் காடிலாக் நமக்குத் தெரிந்த சொகுசுக் காராக மாறத் தொடங்கியது.

இவரை முழுக்க நல்லவராக மட்டும் காட்டினால் அது நியாயமாக இருக்காது. லேலண்ட் தீவிர மத நம்பிக்கையாளர், மதுவிலக்கு ஆதரவாளர், டெட்ராய்டு நகராட்சி ஊழலுக்கு எதிராக இயக்கம் நடத்தியவர். கூடவே, தொழிற்சங்கங்களைக் கடுமையாக எதிர்த்தவர். தொழிற்சங்கங்களை ஊருக்குள் விடாமல் தடுக்க முதலாளிகள் அமைத்த சங்கத்தில் முன்னணியில் இருந்தவரும் இவரே. எங்கள் தலைமுறையின் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் சங்கம் கட்டியே கூலி உயர்வு கேட்டவர்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தப் பக்கம் கசக்கத்தான் செய்கிறது.

74 வயதில் இரண்டாவது தடவை

1909-இல் ஜெனரல் மோட்டார்ஸ் காடிலாக்கை வாங்கியது. லேலண்டும் மகன் வில்ஃப்ரெடும் தொடர்ந்து நடத்தினார்கள். 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, போர் விமானங்களுக்கு லிபர்ட்டி எஞ்சின் செய்ய வேண்டும் என்றார் லேலண்ட். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் டியூரன்ட் ஒத்துக்கொள்ளவில்லை. லேலண்ட் விலகினார். 74 வயதில் புது நிறுவனம் தொடங்கினார்.

அதற்கும் தன் பெயரை வைக்கவில்லை. 21 வயதில், 1864 தேர்தலில், தன் முதல் வாக்கை ஆபிரகாம் லிங்கனுக்குப் போட்டவர் அவர். லிங்கன் என்றே பெயர் வைத்தார்.

நிறுவனம் சுமார் 6,500 எஞ்சின்கள் செய்தது. போர் முடிந்ததும் கார் செய்யத் திரும்பியது. 1920-இல் வந்த அந்தக் காரின் எஞ்சின் அருமை. தோற்றமோ பழைய காலத்து ஆள் மாதிரி. அதே நேரத்தில் பொருளாதார மந்தம், தலைக்கு மேல் ஒரு பெரிய வரிக் கோரிக்கை. 1921 முடிவதற்குள் நிறுவனம் நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போய்விட்டது.

1922 பிப்ரவரியில் ஏலம். 80 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியவர் ஹென்றி ஃபோர்டு. 20 ஆண்டுக்கு முன் தான் விட்டுப்போன நிறுவனத்தைக் காடிலாக்காக மாற்றிய மனிதரின் கடையை இப்போது அவர் வாங்கினார். தொடர்ந்து நடத்தலாம் என்று நம்பிய லேலண்டும் மகனும் அதே ஆண்டு ஜூன் மாதமே வெளியேற்றப்பட்டார்கள். தன்னை நம்பிப் பணம் போட்ட பங்குதாரர்களுக்காக லேலண்ட் ஃபோர்டு மீது வழக்குப் போட்டார், ஆனால் தோற்றார். 1932 மார்ச்சில், 89 வயதில் டெட்ராய்டில் காலமானார். அவர் தொடங்கிய இரண்டு பெயர்களும் அப்போது போட்டி நிறுவனங்கள் இரண்டின் கையில் இருந்தன, இன்றும் அப்படியே இருக்கின்றன.

பெயர் ஏறியதும் இறங்கியதும்

அவர் இறந்த பிறகுதான் காடிலாக்கின் புகழ் உச்சிக்குப் போனது. 1930-களின் மந்தத்தில் அந்தப் பிரிவையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. வசதியான கறுப்பினத்தவர்களுக்குக் காடிலாக் விற்பதை நிறுவனம் அதுவரை தவிர்த்துவந்தது. அவர்களோ ஒரு வெள்ளைக்காரருக்குப் பணம் கொடுத்து, அவர் பெயரில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதைக் கவனித்த நிர்வாகி நிக்கோலஸ் டிரைஸ்டாட் அவர்களுக்கு நேரடியாக விற்கச் சொல்லி வாதாடினார், பிரிவு பிழைத்தது. மற்ற எத்தனையோ கதவுகள் பூட்டியிருந்த ஒரு சமூகத்துக்கு இந்தக் கார் என்னவாக இருந்தது என்று புரிந்தால், இசையில் ஏன் இந்தப் பெயர் விடாமல் வருகிறது என்பதும் புரியும்.

1948 மாடலில் பின்பக்கத்தில் சிறகு முளைத்தது. 1959-இல் அது ராக்கெட் வால் உயரத்துக்குப் போனது. எல்விஸ் பிரெஸ்லியின் இளஞ்சிவப்புக் காடிலாக்கை எல்லோருக்கும் தெரியும்.

1982 மாடலாக வந்தது சிமரோன். சாதாரண ஷெவர்லே கவாலியர் காரையே கொஞ்சம் தோல் இருக்கையும் புதுச் சின்னமும் போட்டுக் காடிலாக் என்று விற்றார்கள். ஒரு காரின் பாகம் இன்னொரு காரில் அப்படியே சேர்ந்ததால்தான் 1908-இல் கோப்பை கிடைத்தது. 1982-இலும் அப்படியே சேர்ந்தது, ஆனால் இந்தத் தடவை வாங்கியவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள். 1988-இல் அந்த மாடல் நின்றது. அதன் பிறகு அந்தப் பெயரைத் தூக்கி நிறுத்தப் பல வருஷம் பிடித்தது.

ஃபார்முலா 1 வருகையும் அந்த முயற்சியில் ஒரு பகுதிதான். 2026-இல் காடிலாக் அணியின் காருக்குள் இருப்பது ஃபெராரி எஞ்சின். ஜெனரல் மோட்டார்சின் சொந்த எஞ்சினுக்கு 2029-ஐக் குறித்து வைத்திருக்கிறார்கள்.