2 நோபல் பரிசு வாங்கியவர் சொன்ன லைசின் மாத்திரை: நம்பிச் சாப்பிடலாமா? லைனஸ் பாலிங்கின் கதை

லைசின் ஒரு அமினோ அமிலம். மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் மாத்திரையாகக் கிடைக்கிறது. இதயத்தின் ரத்தக்குழாய் அடைப்பை இது சரிசெய்யும் என்று சொல்பவர்களிடம் ஆதாரம் கேட்டால், பெரும்பாலும் ஒரு பெயரைத்தான் காட்டுவார்கள். லைனஸ் பாலிங்!

வேறு யாருடனும் பகிராமல் 2 நோபல் பரிசு வாங்கிய ஒரே மனிதர் அவர். அப்படிப்பட்டவர் சொன்னால் தப்பாவா இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனா, அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

யார் இந்த பாலிங்?

1901-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா மருந்துக்கடைக்காரர். பாலிங்குக்கு 9 வயது இருக்கும்போதே வயிற்றுப்புண் முற்றி அவர் இறந்துவிட்டார். வீட்டில் பணக்கஷ்டம். வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1925-ல் கால்டெக்கில் முனைவர் பட்டம் வாங்கினார் பாலிங். அணுக்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைகின்றன என்று விளக்கி 1939-ல் அவர் எழுதிய புத்தகத்தை வேதியியல் படித்தவர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை.

அமினோ அமிலங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு இன்னும் சுவாரசியமானது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது சளி பிடித்துப் படுத்துவிட்டார். துப்பறியும் நாவல்கள் படித்துச் சலித்துப்போய், ஒரு தாளை எடுத்து அமினோ அமிலங்களைச் சங்கிலியாக வரைந்தார். பிறகு அந்தத் தாளை இப்படியும் அப்படியுமாக மடித்துப் பார்த்தார். புரதம் சுருள் படிக்கட்டு போலச் சுற்றியிருக்கும் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. ஆனா உடனே வெளியிடவில்லை. ஒரு அளவு எக்ஸ்ரே படத்தோடு பொருந்தாததால் சரிபார்த்துக்கொண்டே இருந்து, 1951-ல்தான் வெளியிட்டார். ஆல்ஃபா ஹெலிக்ஸ் என்று இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது அதுதான்.

இதற்கு முன்பே 1949-ல், அரிவாள் செல் ரத்தசோகை வருவதற்குக் காரணம் ஹீமோகுளோபின் மூலக்கூறில் இருக்கும் கோளாறு என்று அவர் குழு காட்டியிருந்தது. அந்தக் கோளாறு ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் வந்தது என்பதைப் பின்னால் வேறொரு விஞ்ஞானி கண்டுபிடித்தார். ஆக, அமினோ அமிலம் பற்றி பாலிங்குக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

1954-ல் வேதியியல் நோபல். அணுகுண்டு சோதனைகளை நிறுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கிப் போராடியதற்காக, 1962-ம் ஆண்டின் அமைதி நோபல். அமெரிக்க அரசு அவருக்கு பாஸ்போர்ட் தர மறுத்ததும் உண்டு. எல்லோரும் எதிர்த்தாலும் நாம சொல்றது சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

ஒரு கடிதமும் ஒரு வைட்டமினும்

1966-ல், நீண்ட நாள் வாழ தினமும் 3 கிராம் வைட்டமின் சி எடுக்கச் சொல்லி இர்வின் ஸ்டோன் என்ற உயிர்வேதியியலாளர் அவருக்குக் கடிதம் எழுதினார். பாலிங் எடுத்துப் பார்த்தார். சளி பிடிப்பது குறைந்ததாக உணர்ந்தார். 1970-ல் அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்ததும் அமெரிக்க மருந்துக்கடைகளில் வைட்டமின் சி விற்பனை எகிறியது.

அடுத்து புற்றுநோய். ஸ்காட்லாந்து மருத்துவர் யூவன் கேமரனுடன் சேர்ந்து, வைட்டமின் சி கொடுத்த 100 நோயாளிகளைப் பழைய பதிவேடுகளில் இருந்த 1,000 நோயாளிகளோடு ஒப்பிட்டு, 1976-ல் நல்ல பலன் என்று எழுதினார். மேயோ கிளினிக் இதை முறையாகச் சோதித்தது. யாருக்கு வைட்டமின், யாருக்கு வெறும் மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்தார்கள். 1979-லும் 1985-லும் வந்த முடிவு ஒன்றுதான்: பலன் இல்லை. சோதனை நடத்திய விதமே சரியில்லை என்று பாலிங் சண்டை போட்டார். இதற்கு நடுவில், 1981-ல் அவர் மனைவி ஏவா ஹெலன் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார்.

லைசின் எப்போது வந்தது?

1989 வாக்கில், பாலிங்குக்கு வயது 88. ஜெர்மன் மருத்துவர் மத்தியாஸ் ராத்துடன் சேர்ந்து ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். மனித உடலால் வைட்டமின் சி-யைத் தயாரிக்க முடியாது. அது குறைந்தால் ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள கொலாஜன் பலவீனமாகும். அந்த விரிசலை அடைக்க லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்புத் துகள் வந்து ஒட்டிக்கொள்ளும். அது படிந்து படிந்து அடைப்பாகிவிடும். இதுதான் கோட்பாடு.

(கொலாஜனின் வடிவத்தை 1951-லேயே பாலிங் கணித்துத் தவறவிட்டார். 1954-ல் அது மும்மடிச் சுருள் என்று காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.)

லைசின் இங்கே எப்படி நுழைகிறது? லிப்போபுரோட்டீன் ஏ சுவரில் உள்ள லைசினைப் பிடித்துத்தான் ஒட்டுகிறது. அப்போ ரத்தத்தில் லைசினை நிறைய மிதக்கவிட்டால், அந்தத் துகள் அதைப் பிடித்துக்கொண்டு சுவரை விட்டுவிடும் என்று பாலிங் நினைத்தார். பஸ் கம்பியைப் பிடிக்கப் போகிறவர் கையில் வேறொரு கம்பியைக் கொடுப்பது மாதிரி. காகிதத்தில் அழகான யோசனை. இதய நோயாளிகள் தினமும் 5, 6 கிராம் லைசினை வைட்டமின் சி-யுடன் எடுக்கலாம் என்றார்.

இதற்கு அவர் கையில் இருந்த மனித ஆதாரம் என்ன? பைபாஸ் செய்த பிறகும் நெஞ்சுவலியால் அவதிப்பட்ட ஒருவர், லைசின் எடுத்த பிறகு வலி குறைந்ததாகச் சொன்னார். 1991-ல் பாலிங் அதை வெளியிட்டார். அதன்பின் இப்படி இன்னும் சில தனிநபர் அனுபவங்கள். அவ்ளோதான். லைசின் எடுக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நெஞ்சுவலி கூடிக் குறையக்கூடியது. மாத்திரை வேலை செய்யும் என்ற நம்பிக்கையே கொஞ்ச நாளைக்கு வலியைக் குறைத்துக் காட்டும். ஒரு அளவு பொருந்தவில்லை என்று ஆல்ஃபா ஹெலிக்ஸை நிறுத்தி வைத்த அதே பாலிங், ஏனோ இங்கே அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. இந்த வைத்தியத்தைப் பெரிய அளவில் முறையாகச் சோதித்து யாரும் இதுவரை நிரூபிக்கவும் இல்லை.

அப்போ சாப்பிடணுமா, வேண்டாமா?

லைசின் உடம்புக்குக் கட்டாயம் தேவை. உடல் தானாகத் தயாரிக்காது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.8 கிராம் போதும். அரிசி, கோதுமையில் இது குறைவு. பருப்பு, சுண்டல், பால், முட்டை, மீன், இறைச்சியில் நிறைய. வேகவைக்காத 100 கிராம் பருப்பில் சுமார் ஒன்றரை கிராம் இருக்கும். இவற்றை ஒழுங்காகச் சாப்பிடும் ஒருவருக்கு லைசின் பற்றாக்குறை வருவது அரிது. பற்றாக்குறையே இல்லாதவர் இதயத்துக்காக மாத்திரை வாங்க, மேலே சொன்ன ஒப்பீடற்ற அனுபவங்களைத் தவிர பெரிய காரணம் இல்லை.

ஆபத்து என்னன்னா, இதை நம்பி டாக்டர் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையையோ கொலஸ்ட்ரால் மாத்திரையையோ நிறுத்துவதுதான். சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அமினோ அமில மாத்திரை, பவுடர் பக்கமே போகக் கூடாது. இது பாலிங்குக்கே நடந்த கதையும்கூட. 1941-ல் அவருக்கு கடுமையான சிறுநீரக நோய் வந்தது. அன்று அது பலரைக் கொன்ற நோய். தாமஸ் ஆடிஸ் என்ற மருத்துவர் புரதத்தையும் உப்பையும் குறைத்து உணவு கொடுத்துத்தான் அவரைக் காப்பாற்றினார். புரதம் என்பதே அமினோ அமிலங்கள்தானே!

1994 ஆகஸ்ட் 19-ல், 93 வயதில், புரோஸ்டேட் புற்றுநோயால் பாலிங் இறந்தார். அவர் குறிவைத்த லிப்போபுரோட்டீன் ஏ மட்டும் இன்று இதய மருத்துவர்கள் கவனமாகப் பார்க்கும் விஷயமாகிவிட்டது. அதிகமாக இருந்தால் மாரடைப்பு அபாயம் கூடும். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. குடும்பத்தில் இளம் வயதிலேயே யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால், டாக்டரிடம் கேட்டு ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். அதைக் குறைக்கும் ஊசி மருந்துகள் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதிக்கப்படுகின்றன. லைசின் அந்த மருந்துகளில் ஒன்றல்ல.