வைணு பாப்பு

மணலி கல்லாட் வைணு பாப்பு (ஆகஸ்ட் 10, 1927 - ஆகஸ்ட் 19, 1982) இந்தியாவின் புகழ்பெற்ற வானியலாளர் ஆவார். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகம் இவரது முயற்சியால் உருவானது.

இளமை

பாப்பு சென்னையில் பிறந்தார். இவரது தந்தையார் ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். எனவே தொலைநோக்கியுடனான பழக்கம் இவருக்குச் சிறுவயதிலேயே வாய்த்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின் உதவித்தொகையுடன் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கு 1949-இல் இவர் கண்டறிந்த வால்வெள்ளி பாப்பு-போக்-நியூகிர்க் என்று பெயர் பெற்றது. பின்னர் ஒலின் வில்சனுடன் இணைந்து, குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் காணப்படும் கால்சியம் கோட்டின் அகலத்திற்கும் அவற்றின் உண்மையான ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். 1957-இல் வெளியான இது வில்சன்-பாப்பு விளைவு எனப்படுகிறது. விண்மீன்களின் தொலைவை மதிப்பிட இது உதவுகிறது.

காவலூர்

1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்குப் பெயர் பெற்றதாயினும் இரவு வானை ஆராய ஏற்ற வேறிடம் தேவைப்பட்டது. பல இடங்களை ஆராய்ந்தபின், ஆலங்காயத்தை அடுத்த காவலூரைத் தேர்ந்தெடுத்தார். இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இக்காட்டுப்பகுதி நகர விளக்குகளிலிருந்து விலகியிருந்தது. நிலநடுக்கோட்டிற்கு அருகில் உள்ளதால் தென்வானின் பெரும்பகுதியையும் இங்கிருந்து காணலாம். பிற்காலத்தில் இங்கு வந்து மரங்களுக்கிடையே எழும் வெண்ணிறக் குவிமாடங்களைக் காணும் மாணவர்களுக்கு, தொடக்கம் எவ்வளவு எளியது என்பது வியப்பளிக்கக்கூடும். 1968-இல் நிறுவப்பட்ட முதல் தொலைநோக்கியின் ஆடி வெறும் 38 செ.மீ. விட்டமே உடையது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனசு ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களை உணர்த்திய நோக்கல்களுள் காவலூரில் செய்யப்பட்டதும் ஒன்று.

பெரிய தொலைநோக்கி

1971-இல் இந்திய வானியற்பியல் மையம் தன்னாட்சி நிறுவனமானபோது பாப்பு அதன் இயக்குநரானார். 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். வெளிநாட்டிலிருந்து முழுமையாக வாங்கியிருந்தால் பணி விரைவில் முடிந்திருக்கும். ஆனால் இங்குள்ள பொறியாளர்களுக்கு அத்திறன் கைவந்திராது. அதன் ஆடி பெங்களூரில் மெருகேற்றப்பட்டது.

1979-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். 1981-இல் பத்ம பூஷண் விருது பெற்றார். மறு ஆண்டே, இதய அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55, தொலைநோக்கி முடிவடைந்திருக்கவில்லை. 1985-இன் இறுதியில்தான் அது முதன்முதலாக வானை நோக்கியது. 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி தொலைநோக்கிக்கும் வானாய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.