மலைவாழ் மக்களின் தன்னாட்சிக்காகத் தில்லியில் வாதாடிய காசி பழங்குடித் தலைவர்

புதுதில்லி: வடகிழக்கு மலைப்பகுதிப் பழங்குடியினர் தங்கள் நிலத்தையும் மரபுகளையும் தாங்களே நிர்வகிக்க வழிவகுக்கும் அரசமைப்புச் சட்டத்தின் ஆறாவது அட்டவணை உருவாவதில் பெரும்பங்கு வகித்தவர், காசி பழங்குடித் தலைவர் ஜே.ஜே.எம். நிக்கல்ஸ் ராய்.

இன்றைய மேகாலயாவிலுள்ள ஷெல்லாவில் 1884-ஆம் ஆண்டு பிறந்த அவர், கிறிஸ்தவப் போதகராகப் பணியாற்றினார். பின்னர் அரசியலில் நுழைந்து, ஒருங்கிணைந்த அசாம் மாகாணத்தில் அமைச்சராகவும் பொறுப்பு வகித்தார்.

அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், அசாம் பழங்குடிப் பகுதிகள் குறித்து ஆராய கோபிநாத் போர்டோலோய் தலைமையில் அமைக்கப்பட்ட துணைக் குழுவிலும் இடம்பெற்றார். நிலம், காடு, மாற்றிட வேளாண்மை, திருமணம், வாரிசுரிமை ஆகியவை குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் கொண்ட மாவட்ட மன்றங்களே அக்குழுவின் பரிந்துரைகளில் முதன்மையானவை.

இந்த ஏற்பாடு 1949 செப்டம்பரில் தில்லியில் விவாதத்துக்கு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. தேசப் பிரிவினை நிகழ்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், எல்லையோர மலைகளுக்குத் தனி அதிகாரம் அளிப்பது பிரிவினைவாதத்துக்கு இடமளிக்கும் என அசாம் உறுப்பினர் குலாதர் சாலிஹா உள்ளிட்டோர் அஞ்சினர்.

நிக்கல்ஸ் ராய் அதை மறுத்தார். சாதி, வர்க்க வேறுபாடற்ற மலைச் சமூகங்களில் ஜனநாயகம் ஏற்கெனவே வேரூன்றியுள்ளது என்றும், சமவெளிப் பண்பாட்டை அவற்றின்மீது திணிக்கலாகாது என்றும், மக்களின் மனநிறைவே எல்லைக்குப் பாதுகாப்பு என்றும் அவர் வாதிட்டார். வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கரும் இந்த ஏற்பாட்டை ஆதரித்தார். ஆறாவது அட்டவணை ஏற்கப்பட்டது.

எனினும், மலைகளிலும் அதிருப்தி நிலவியது. இந்தியாவுடன் இணைந்த காசி சிற்றரசுகளின் தலைவர்களை நியமிப்பது குறித்துச் சட்டமியற்றும் அதிகாரம் மாவட்ட மன்றத்துக்குச் சென்றது. அம்மன்றத்தின் சட்டங்களுக்கோ ஆளுநரின் ஒப்புதல் தேவைப்பட்டது. சமவெளியினருக்கு மிகையாகத் தோன்றிய தன்னாட்சி, மலைவாழ் மக்கள் பலருக்குப் போதாததாகத் தோன்றியது.

1952-இல் மாவட்ட மன்றம் செயல்படத் தொடங்கியதைக் கண்ட நிக்கல்ஸ் ராய், 1959-இல் காலமானார். மறு ஆண்டு அசாமிய மொழி ஆட்சிமொழியாக்கப்பட்டதும் தனி மலை மாநிலக் கோரிக்கை வலுத்தது. அவருடைய மகன் ஸ்டான்லி நிக்கல்ஸ் ராயும் அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றார். 1972 ஜனவரி 21-இல் மேகாலயா முழு மாநிலமாயிற்று.

தற்போது அசாம், மேகாலயா, மிசோரம், திரிபுரா ஆகிய நான்கு மாநிலங்களில் ஆறாவது அட்டவணையின்கீழ் 10 தன்னாட்சி மன்றங்கள் இயங்குகின்றன. அதே பாதுகாப்பைத் தங்களுக்கும் வழங்குமாறு லடாக் மக்களும் கோரி வருகின்றனர்.