ஜே. பி. சந்திரபாபு

ஜே. பி. சந்திரபாபு (1927 - மார்ச் 8, 1974) தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகரும், பின்னணிப் பாடகரும், இயக்குனரும் ஆவார். மேற்கத்திய இசையின் யோடலிங் முறையையும், சென்னைத் தெருக்களில் வழங்கிய பேச்சுத் தமிழையும் தமிழ்த் திரைக்குக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர். 1950களின் பிற்பகுதியில் மிகுந்த ஊதியம் பெற்ற நகைச்சுவை நடிகராக விளங்கிய இவர், சொந்தப் பட முயற்சியால் ஏற்பட்ட கடனில் வீட்டை இழந்து, தமது 46ஆவது வயதில் காலமானார்.

இளமைக்காலம்

சந்திரபாபு தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இவருடைய இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ் என்பதாகும். பனிமயதாஸ் என்ற பெயர் தூத்துக்குடியின் பனிமய மாதாவை ஒட்டி இடப்பட்டது. தந்தை ரொட்ரிகஸ் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். சுதந்திர வீரன் என்ற இதழை நடத்தி வந்தார். சத்தியாக்கிரகத்தில் பங்கு கொண்டதற்காகப் பிரித்தானிய அரசு அவரைக் கைது செய்தது. பின்னர் குடும்பம் இலங்கைக்குச் சென்றது. சந்திரபாபு கொழும்பில் கல்வி பயின்றார். ஆங்கிலப் பாடல்களும் மேற்கத்திய நடனமும் இவருக்கு அறிமுகமானது அந்நகரில்தான்.

1940களின் முற்பகுதியில் குடும்பம் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறியது. தந்தை தினமணி நாளிதழில் பணியாற்றினார். மகனோ திரைப்பட வாய்ப்புத் தேடிப் படப்பிடிப்பு நிலையங்களைச் சுற்றி வந்தார்.

திரைத்துறை நுழைவு

பி. எஸ். ராமையா இயக்கிய தன அமராவதி (1947) இவருடைய முதல் திரைப்படம் ஆகும். அதன் பின்னரும் போதிய வாய்ப்புகள் அமையவில்லை. ஜெமினி நிறுவன அதிபர் எஸ். எஸ். வாசனைச் சந்திக்க இயலாமல் மனமுடைந்த சந்திரபாபு, ஜெமினி ஸ்டூடியோ வளாகத்தில் தற்கொலைக்கு முயன்றார். உடனே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதால் உயிர் பிழைத்தார். தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றமாதலால் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அங்கே தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையைச் சுட்டுக் கொண்டதாகவும், சுட்டதைப் பிறர் காணலாம், அதன் வலியை உணர முடியாது என்று நீதிபதிக்கு விளக்கியதாகவும் கூறப்படுகிறது. பின்னர் ஜெமினி தயாரித்த மூன்று பிள்ளைகள் (1952) திரைப்படத்திலேயே இவருக்கு நடிக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

பாடகராக

யோடலிங் என்பது ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் தோன்றிய பாடல் முறை. இயல்பான குரலில் இருந்து மெல்லிய உச்சக் குரலுக்குத் திடீரெனத் தாவி, மீண்டும் கீழே இறங்குவது இதன் இலக்கணம். அமெரிக்காவில் ஜிம்மி ரோட்ஜர்ஸ் 1920களின் பிற்பகுதியில் இதைப் புகழ்பெறச் செய்தார். இந்தித் திரையில் கிஷோர் குமார் இதைக் கையாண்டார். தமிழில் இம்முறையைப் பரப்பியவர் சந்திரபாபு ஆவார்.

அக்காலத் தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் கருநாடக இசையைத் தழுவியிருந்தன. பயிற்சி பெற்ற சாரீரமே பாடகருக்குத் தேவை எனக் கருதப்பட்டது. சந்திரபாபு பேசுவது போலவே பாடினார்; சொல்லின் அழுத்தத்தையே தாளமாகக் கொண்டார்; இடையிடையே சிரிப்பையும் விம்மலையும் கலந்தார். ஏவிஎம்மின் பெண் (1954) திரைப்படத்தில், வீணைக் கலைஞரும் நடிகருமான எஸ். பாலசந்தருக்காக இவர் பின்னணி பாடினார். ஆர். சுதர்சனம் இசையமைத்த அப்பாடல் பெரும் வெற்றி பெற்றது. மரகதம் (1959) படத்தில் கே. ஜமுனா ராணியுடன் இணைந்து பாடிய பாடலும் புகழ் பெற்றது.

வேடிக்கைப் பாடல்களால் அறியப்பட்டாலும், வாழ்க்கையின் நிலையாமையைக் கூறும் சோகப் பாடல்களும் இவருக்குப் பெயர் பெற்றுத் தந்தன. கவலை இல்லாத மனிதன் (1960), அன்னை (1962) ஆகியவற்றின் பாடல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னிலையில் பாடியபோது, அவர் பாராட்டியதும் சந்திரபாபு உரிமையோடு சென்று அவர் மடியில் அமர்ந்து கொண்டதாகக் கூறப்படும் நிகழ்ச்சி பரவலாக அறியப்பட்டது.

நடிகராக

பி. ஆர். பந்துலு இயக்கிய சபாஷ் மீனா (1958) இவருடைய நடிப்பு வாழ்வில் முக்கியமானது. சிவாஜி கணேசனுடன் நடித்த இப்படத்தில் சந்திரபாபு இரட்டை வேடம் ஏற்றார். அவற்றுள் ஒன்று சென்னை ரிக்‌ஷாக்காரர் வேடம். தெலுங்கு, உருது, ஆங்கிலச் சொற்கள் கலந்த சென்னைத் தமிழைத் திருத்தமாகப் பேசி நடித்தார். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஒருவர் இம்மொழியைக் கைவரப் பெற்றது குறிப்பிடத்தக்கது. இப்படம் தில் தேரா தீவானா (1962) என்ற பெயரில் இந்தியில் மீண்டும் எடுக்கப்பட்டது.

சகோதரி (1959) திரைப்படம் முடிந்த பின்னர், அதில் விறுவிறுப்புக் குறைவதாக உணர்ந்த ஏ. வி. மெய்யப்பன், சந்திரபாபு பால்காரராக வரும் நகைச்சுவைப் பகுதியைத் தனியே படமாக்கிச் சேர்த்தார். படத்தின் வெற்றிக்கு அப்பகுதி பெரிதும் உதவியது.

கதாநாயகனும் இயக்குனரும்

நகைச்சுவை நடிகர் என்ற வட்டத்துக்குள் நிற்க சந்திரபாபு விரும்பவில்லை. கண்ணதாசன் தயாரித்த கவலை இல்லாத மனிதன், குமார ராஜா (1961) ஆகியவற்றில் கதாநாயகனாக நடித்தார். கவலை இல்லாத மனிதன் பாடல்கள் நிலைத்தன. படமோ தயாரிப்பாளருக்கு இழப்பைத் தந்தது. படப்பிடிப்புக்கு இவர் ஒழுங்காக வரவில்லை என்ற குறையும் எழுந்தது. திறமையில் ஐயமில்லாதவர், ஆனால் இணைந்து பணியாற்றக் கடினமானவர் என்ற பெயர் திரையுலகில் இவருக்கு ஏற்பட்டது.

பின்னர் எம். ஜி. ஆர்., சாவித்திரி ஆகியோரைக் கொண்டு மாடி வீட்டு ஏழை என்ற படத்தைத் தொடங்கினார். சில நாட்களே படப்பிடிப்பு நடந்த நிலையில் படம் நின்று போனது. அதற்கான காரணங்கள் பலவாறு கூறப்படுகின்றன. (1981 ஆம் ஆண்டு இதே பெயரில் வெளிவந்தது வேறு திரைப்படம்.) அப்போது அடையாற்றின் வடகரையில் உள்ள கேசவப்பெருமாள்புரத்தில் சந்திரபாபு தமக்கெனப் பெரிய வீடு ஒன்றைக் கட்டி வந்தார். மகிழுந்து மாடி வரை செல்லும் வகையில் அது திட்டமிடப்பட்டது என்பர். படத்துக்காக வாங்கிய கடனால் கட்டிமுடிக்கப்படாத அவ்வீடு கைவிட்டுப் போனது.

1966 ஆம் ஆண்டு, விவிலியத் தொடரைத் தலைப்பாகக் கொண்ட தட்டுங்கள் திறக்கப்படும் படத்தை இயக்கி நடித்தார். அதுவும் வணிக வெற்றி பெறவில்லை.

இறுதிக்காலம்

1958 ஆம் ஆண்டு நடந்த இவருடைய திருமணம் குறுகிய காலத்திலேயே முறிந்தது. பிற்காலத்தில் மதுப்பழக்கத்தால் உடல் நலிந்தது. எம். ஜி. ஆரின் கண்ணன் என் காதலன் (1968), அடிமைப் பெண் (1969) போன்ற சில படங்களில் சிறு வேடங்கள் கிடைத்தன. இசையமைப்பாளர் எம். எஸ். விஸ்வநாதன் இறுதி வரை நெருங்கிய நண்பராக இருந்தார். மார்ச் 8, 1974 அன்று சந்திரபாபு காலமானார். சென்னை சாந்தோமை அடுத்த குயிபிள் தீவுக் கல்லறையில் இவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

தாக்கம்

சந்திரபாபுவுக்குப் பின்னர் சோ, லூஸ் மோகன் முதலிய நடிகர்கள் சென்னைத் தமிழைத் திரையில் தொடர்ந்து பயன்படுத்தினர். காதலன் (1994) திரைப்படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த பேட்டை ராப், இம்மொழியிலேயே அமைந்த சொல்லிசைப் பாடலாகும். சொல்லிசை என்னும் சொல் தமிழில் வழக்குக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பேச்சின் ஓசையைப் பாட்டாக்க முடியும் என்பதைச் சந்திரபாபு காட்டியிருந்தார்.

நடித்த திரைப்படங்களில் சில

* தன அமராவதி (1947)
* மூன்று பிள்ளைகள் (1952)
* புதையல் (1957)
* சபாஷ் மீனா (1958)
* நாடோடி மன்னன் (1958)
* சகோதரி (1959)
* கவலை இல்லாத மனிதன் (1960)
* குமார ராஜா (1961)
* அன்னை (1962)
* தட்டுங்கள் திறக்கப்படும் (1966)
* அடிமைப் பெண் (1969)